சாவியைத் திருப்பிய குற்றம்

வாயால் கார் ஓட்டிப் பிழைக்க வேண்டி வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் மாஸ்டர் சிரித்திருப்பார். இருபத்திரண்டு வருடங்களாக டிரைவிங் ஸ்கூலில் பயிற்சி தருகிறவர் அவர். எத்தனையோ பேர் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளக்குக் கம்பத்தைக் குறி பார்த்திருக்கிறார்கள். அத்தனை பேரையும், கம்பத்தையும், தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கால் காப்பாற்றியிருக்கிறார். ஆனால் அந்த வருடத்தில் ஏழாவது தடவையாக பெட்ரோல் விலை ஏறிய அன்று ஸ்கூல் முதலாளி ஒரு முடிவுக்கு வந்தான். முதலாளி வேறு யாருமில்லை, மாஸ்டரின் மனைவிக்குத் தம்பி. மச்சினனிடம் வேலை பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. ஆபீசில் வாங்கிய திட்டு அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருக்கும்.

"மாமா, இனிமே கிளாஸ்ல இன்ஜின் ஸ்டார்ட் பண்ண வேணாம்."

"அப்புறம் எப்படி மாப்ள ஓட்டக் கத்துக்குடுக்கறது?"

"கிளட்ச், கியர், பிரேக், ஸ்டீரிங் எல்லாம் அதது இடத்துலதானே இருக்கு? பெட்ரோல் ஊத்தலேன்னா கழண்டா விழுந்துடும்? சத்தம் மட்டும்தான் வராது. அதை நீங்க போட்டுடுங்க."

போட்டார். ஷெட்டுக்குள் நின்ற பழைய காரில் மாணவர் ஸ்டீரிங்கைப் பிடித்து உட்கார, மாஸ்டர் பக்கத்தில் அமர்ந்து 'உர்ர்ர்' என்பார். சத்தம் ஏறினால் கியரை மாற்ற வேண்டும். மாற்றியதும் 'ம்ம்ம்' என்று இறக்குவார். மூன்றாவது கியரில் அவருக்கு மூச்சு வாங்கும். நான்காவதுக்குப் போக டாக்டர் அனுமதிக்கவில்லை. வண்டி நகர்ந்தே ஆக வேண்டிய பாடங்களுக்கு, முறைக்காகக் காத்திருக்கும் மாணவர்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். வாசலில் புதுப் பலகை ஏறியது: 'புகையில்லாப் பயிற்சி. உடற்பயிற்சி இலவசம்.' கட்டணத்தை மட்டும் மச்சினன் குறைக்கவில்லை. இயற்கையைக் காப்பாற்றுவது மலிவான வேலையா என்ன?

மாணவர்களில் இரண்டு பேர் ஒரே லாண்டரியிலிருந்து வந்தார்கள். ஒருத்தி இஸ்திரி அக்கா. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைக் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை நின்றபடி தேய்ப்பவள். இன்னொருவன் அவள் தேய்த்ததை மடிக்கும் தம்பி. நல்லவன், எந்த வேலையையும் அவசரப்பட்டுச் செய்து பழக்கமில்லாதவன். லாண்டரி வேனை ஓட்டும் பெரியவர் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். இந்த மாதத்துக்குள் இருவரில் யார் லைசென்ஸ் வாங்குகிறார்களோ அவர்களுக்கே வேன் என்று லாண்டரி முதலாளி சொல்லிவிட்டார்.

"எனக்கு ஊர் சுத்தணும்னு ஆசையெல்லாம் இல்ல மாஸ்டர்" என்றாள் அக்கா முதல் நாளே. "உக்காந்து செய்யற வேலை வேணும். அவ்வளவுதான்." அவள் கெண்டைக்காலில் நரம்புகள் சுருண்டு புடைத்திருந்ததை அவர் பார்த்தார். அதற்குப் பிறகு அவளிடம் ஒரு தடவைகூடக் கத்தியதில்லை. கத்தாமல் இருப்பது அவர் தொழிலில் பெரிய சலுகை.

மூன்றாம் நாள் அவள் கேட்டாள்: "கிளட்ச்சை விடும்போது வண்டி ஒரு இழு இழுக்குமாமே, அது எப்படி இருக்கும்?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். அந்த இழுப்பை வாயால் செய்து காட்ட முடியவில்லை. அவருக்கு வெட்கமாகிவிட்டது. இருபத்திரண்டு வருட அனுபவம், கடைசியில் ஒரு பெண்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து உறுமிக்கொண்டிருக்கிறோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் விடிந்ததும் தன் ஸ்கூட்டரிலிருந்து ரப்பர் குழாய் வைத்து பெட்ரோலை உறிஞ்சி, பாட்டிலில் பிடித்து, காரில் ஊற்றினார். மச்சினன் டேங்க் முள்ளைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறவன். அதனால் ஊற்றிய அளவுக்கு மேல் ஒரு சொட்டு செலவாகக் கூடாது. மடிப்புத் தம்பியையும் கூப்பிட்டுப் பார்த்தார்.

"காலைல எந்திரிக்கறது கஷ்டம் மாஸ்டர். நீங்க போடற சத்தமே எனக்குப் போதும்" என்றான் அவன்.

ஆக ஷெட்டுக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் அக்கா மட்டும் ஓட்டினாள். முதல் நாள் பதினோரு தடவை வண்டியை அணையவிட்டாள். ஒவ்வொரு தடவை அணையும்போதும் மாஸ்டருக்குத் தன் ஸ்கூட்டர் நினைவுக்கு வந்தது. இருந்தாலும் விடவில்லை.

"சீட்டு, பெல்ட்டு, கண்ணாடி, சாவி. யோசிக்கக் கூடாதும்மா. கை தானா போகணும்."

ஆறாம் நாள் கை தானாகப் போனது. அவள் மைதானத்தில் எட்டு போட்டாள், பின்னால் வந்தாள், இரண்டு செங்கல்லுக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். நிறுத்திவிட்டு இருக்கையில் சாய்ந்து காலை நீட்டி, "நல்லா இருக்கு மாஸ்டர்" என்றாள். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்ரோல் நெடி என்று சமாளித்தார். அந்த ஒரு வாரமும் அவர் வேலைக்கு நடந்தே போய்வந்தார். தொந்தி குறைகிறது என்று மனைவிக்கு ஒரே சந்தோஷம். அந்த நல்ல பெயரை அவர் கெடுத்துக்கொள்ளவில்லை.

டெஸ்ட் அன்று ஆர்.டி.ஓ. மைதானத்துக்கு ஸ்கூல் காரோடு மச்சினனும் கூடவே வந்தான். மாணவர்களில் ஒருவர்கூடத் தேற மாட்டார் என்பது மாஸ்டருக்குத் தெரியும். அக்காவைத் தவிர. அந்த ஒரு நினைப்பில் அவர் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே நின்றார்.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளோடு வந்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இன்னிக்குக் காலைல வந்த சுற்றறிக்கை. எரிபொருள் சிக்கனம். மறு உத்தரவு வர்ற வரைக்கும் டெஸ்ட்டுல இன்ஜினை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. அடுத்து நிக்கறவங்க வண்டியத் தள்ளணும். மீறி ஸ்டார்ட் பண்ணா ஃபெயில்."

மாஸ்டர் காதில் விழுந்ததை நம்ப முடியாமல் நின்றார். மச்சினன் மட்டும் வேண்டுதல் பலித்தவன் மாதிரி கண்ணை மூடித் திறந்தான்.

மடிப்புத் தம்பி முதலில் போனான். மற்றவர்கள் தள்ள, பழகிய கையோடு கியர் மாற்றி, வாயில் மெல்ல 'உர்ர்ர்' போட்டபடி, கோட்டுக்குள் ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தினான். "சுத்தமான டிரைவிங். யாரு கத்துக்குடுத்தது?" என்றார் இன்ஸ்பெக்டர். மச்சினன் தன் மார்பைத் தொட்டுக் காட்டினான். அடுத்த நால்வரும் அப்படியே தேறினார்கள்.

கடைசியாக இஸ்திரி அக்கா ஏறினாள். சுற்றறிக்கை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஏறும்போதுகூட "ஸ்டார்ட் பண்ணக் கூடாது, ஸ்டார்ட் பண்ணக் கூடாது" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள். சீட்டை இழுத்தாள். பெல்ட்டை மாட்டினாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். கை தானாகப் போனது.

இன்ஜின் உறுமியது. அந்த மைதானத்தில் அன்றைக்குக் கேட்ட ஒரே நிஜச் சத்தம் அது. தள்ளுவதற்குக் குனிந்தவர்கள் பதறி விலகினார்கள். பதற்றத்தில் அவள் காலும் தானாக கிளட்ச்சை விட, வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வழுக்கிக்கொண்டு புறப்பட்டு, எட்டு போட்டு, பின்னால் வந்து, கோட்டுக்குள் நின்றது.

"நிறுத்து! நிறுத்து!" என்று கத்திக்கொண்டே கூட ஓடிய இன்ஸ்பெக்டருக்கு வியர்த்துவிட்டது. "ஏம்மா, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! எவ்வளவு பெட்ரோல் வேஸ்ட்! யாரு உனக்கு இப்படிக் கத்துக்குடுத்தது?"

அக்கா மாஸ்டரைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "நானாத்தான் சார்" என்றாள்.

மாஸ்டர் முன்னால் வந்து, "நான்தான் சார்" என்றார். இன்ஸ்பெக்டர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. படிவத்தில் 'ஓட்டத் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த டெஸ்ட் ஒரு மாதம் கழித்து.

திரும்பும்போது மச்சினனுக்கு விளம்பர ஆசை வந்துவிட்டது. தேறியவர் காரை ஓட்டிக்கொண்டு போவதை செல்போனில் படம் பிடிக்க வேண்டுமாம். மடிப்புத் தம்பி பெருமையாக ஏறி, பெல்ட் மாட்டி, கண்ணாடி பார்த்து, 'உர்ர்ர்' என்றான். சாலையில் பின்னால் பத்து வண்டிகள் ஹாரன் அடித்தன. அவன் தலையை வெளியே நீட்டி, "யாராச்சும் தள்ளுங்களேன்" என்றான். மற்ற நால்வரும் தங்களுக்கு ஓட்டத் தெரியாது என்பதை ஆளுக்கொரு திசையைப் பார்த்துத் தெரிவித்தார்கள். மச்சினன் போனைப் பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டான்.

"நீ ஓட்டும்மா" என்றார் மாஸ்டர்.

ஓட்டத் தெரியாதவள் ஓட்டினாள். தேறிய ஐவரில் நால்வர் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஐந்தாமவர் பஸ்ஸில் போனார். லாண்டரி வாசலில் ஓரம் பார்த்து அவள் நிறுத்தியபோது, லாண்டரி முதலாளி வேன் சாவியோடு நின்றிருந்தார்.

"யாரு பாஸு?"

மடிப்புத் தம்பி இறங்கிக் கையைத் தூக்கினான். சாவி அவன் கைக்குப் போனது. முதலாளி உள்ளே போனதும் அவன் கார் ஜன்னலருகே வந்து குனிந்தான்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. நாளைக்கு முதல் லோடு ஆஸ்பத்திரிக்குப் போகணும். இதுல எதைத் திருப்பினா ஸ்டார்ட் ஆகும்?"

"உன் கையில இருக்கு பாரு, அதைத்தான்" என்றாள் அவள்.

அவன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனான். அவள் மட்டும் இறங்காமல் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இறங்கினால் நிற்க வேண்டும், மாலை ஆறு வரை. மாஸ்டருக்கு அது புரிந்தது. எல்லாம் தன்னால்தான். அவர் மட்டும் ஒழுங்காக உறுமிக்கொண்டு இருந்திருந்தால் அந்தச் சாவி இவள் கையில் இருந்திருக்கும்.

"மன்னிச்சுக்கம்மா. அடுத்த மாசம் மறுபடி டெஸ்ட்டுக்குப் போலாம். இந்தத் தடவை நான் எதுவும் கத்துத்தர மாட்டேன்."

அவள் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள்.

"கத்துக்கறதுக்கு ஆறு நாள் ஆச்சு" என்றாள். "மறக்கறதுக்கு எத்தனை கிளாஸ் மாஸ்டர்?"