பதினாலாவது ஆள்

சங்கரன்கோவில் பத்திர ஆபீசுக்கு எதிர்த்தாப்புல மேசை போட்டு எழுதுகிற சண்முகையாவுக்கு ஒரு வியாதி உண்டு. பத்திரத்தில் வருகிற பேர்களை மூன்று தடவை எண்ணாமல் தாளைக் கையை விட்டு விடமாட்டார். விரலை மடக்கி ஒரு தடவை, பேனா முனையால் ஒரு தடவை, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை. "அண்ணாச்சி, புளியங்குடி பஸ்ஸு போயிரும்" என்று எழுத வந்த கட்சிக்காரன் தவியாய்த் தவித்தாலும் மனுசன் அசையமாட்டார்.

வியாதி சும்மா வரவில்லை. ஐம்பத்தாறாம் வருசம், தொழிலுக்கு வந்த புதுசில், ஒரு பெரியவர் தன் ஐந்து மக்களுக்கும் நிலத்தை எழுதிவைக்க வந்தார். பெரியவர் ஐந்து பேர் சொன்னார். சண்முகையா நாலு பேர் எழுதினார். கைநாட்டு வைத்த எட்டாம் நாள் பெரியவர் போய்ச்சேர்ந்துவிட்டார். விட்டுப்போன கடைசி மகன் மூக்காண்டி கோர்ட்டுக்கு ஒன்பது வருசம் நடந்து, பாதி நிலந்தான் மீட்டான். அன்றையிலிருந்து எதிர் டீக்கடையில் தினமும் டீ குடிக்கிறான், சண்முகையாவைப் பார்க்கிறான், பேசமாட்டான். ஏசித் தொலைத்தாலாவது மனசு ஆறும். அந்தப் பாவி ஒரு வார்த்தை பேசினானில்லை.

எழுபத்தெட்டாம் வருசம், கிறிஸ்மஸுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது, குருவிகுளம் பக்கத்து ஊர் வேதக்கோயிலில் ஆராதனை நடத்துகிற உபதேசியார் ஞானாபரணம் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, ஆடு வேதத்தத் தின்னுட்டு!"

"எந்த ஆடு?"

"என் வீட்டுக்காரி வளக்க ஆடுதான். பூச்சி அரிக்குதேன்னு கோயில் புத்தகத்த வெயில்ல விரிச்சு வச்சேன். மத்தேயு சுவிசேஷம் மொதத் தாளு அப்படியே உள்ள போயிட்டு!"

அது நூறு வருசத்துப் பெரிய பைபிள். கிறிஸ்மஸ் காலையில் அந்தத் தாளைத்தான் வாசிப்பார்கள். இந்த வருசம் வாசிக்கப் போவது பிஷப். சங்கதி தெரிந்தால் உபதேசியாருக்கு வேலையும் இல்லை, கோயில் வளவில் வீடும் இல்லை.

"எங்கிட்ட இருக்கது பொடி எழுத்துப் புத்தகம். பிஷப் அய்யாவுக்குக் கண்ணு மங்கலு. உங்க எழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஒரே ஒரு தாளு, பெருசா எழுதிக் குடுங்க. ஒட்டிக்கிடுதேன்."

"ஆக, நகல் எடுக்கணும். இதுக்கு மூலம் எங்கன இருக்கு?"

"மூலமெல்லாம் மக்கிப் போச்சு. அச்சு வாரதுக்கு முன்ன ஒருத்தன் எழுதினதப் பாத்து இன்னொருத்தன், அவனப் பாத்து அடுத்தவன். ஆயிரம் வருசத்துக்கு மேல தோல்லயும் நாணல் தாள்லயும் கைவேலைதான்."

சண்முகையாவுக்குப் பகீரென்றது. "அத்தன நகலுக்கும் சாட்சி யாருவே? ரிஜிஸ்தர் உண்டா?"

உபதேசியார் மேலே கையைக் காட்டினார்.

பொடி எழுத்துப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தால், எடுத்த எடுப்பிலேயே கிறிஸ்மஸ் குழந்தை வரைக்கும் வாரிசு வழி. சண்முகையாவுக்குப் பழகின வேலை. ஆபிரகாமில் தொடங்கி இறங்கினார். அடியில், மூன்று அடுக்கு, அடுக்குக்குப் பதினாலு தலைமுறை என்று போட்டிருந்தது. எழுதி முடித்து எண்ணினார். முதல் அடுக்கு பதினாலு. ரெண்டாவது பதினாலு. மூன்றாவது பதின்மூன்று.

சலாத்தியேல், சொரொபாபேல் என்று விரலை மடக்கினார். பதின்மூன்று. கண்ணை மூடினார். பதின்மூன்று. எச்சில் தொட்டுப் புத்தகத்தைப் புரட்டி அதிலேயே எண்ணினார். அங்கேயும் பதின்மூன்றுதான்.

"வே, தாய்ப் பத்திரத்துலயே ஒரு ஆளக் காணோம்!"

உபதேசியார் அண்ணாந்து பொழுதைப் பார்த்தார். "ரெண்டாவது அடுக்குல கடைசியா பாபிலோனுக்குப் போனவர மூணாவதுலயும் சேத்து, ரெண்டு தடவ எண்ணணும்னு சொல்லுவாக. இன்னும் என்னென்னமோ சொல்லுவாக. பொழுது போகுதே அண்ணாச்சி, மனசு கேக்கலன்னா ஏதாச்சும் ஒரு பேரப் போட்டு எழுதுங்க. யாரு எண்ணப் போறா?"

யாரிடம் சொல்கிறார் பாருங்கள்! சண்முகையா பேனாவைத் தூக்கினார். ஒரு பேர். ஒரே ஒரு பேர் சேர்த்தால் கணக்கு நேர், யாரும் விட்டுப்போகவில்லை, ராத்திரி நிம்மதியாய்த் தூங்கலாம். எதிரே மூக்காண்டி டீயை ஆற்றிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தான். பேனா அப்படியே நின்றது.

"மாட்டேன்வே. விட்டாலும் பாவம், சேத்தாலும் பாவம். இருக்கபடிதான் எழுதுவேன்."

எழுதினார். ஆனால் பழியை யார் சுமக்கிறது? அடியில் தன் வழக்கப்படி நாலு வரி சேர்த்துவிட்டுத்தான் தாளைக் கொடுத்தார். உபதேசியார் எழுத்தின் அழகைப் பார்த்தாரே ஒழிய அடியைப் பார்க்கவில்லை.

கிறிஸ்மஸ் காலையில் சண்முகையா நெற்றி நிறைய திருநீறோடு கோயில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிஷப் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கணீரென்று ஆபிரகாமில் தொடங்கி, குழந்தைக்குப் பேர் வைத்ததுவரை வந்து, நிறுத்தாமல் அதே குரலில் மேலே போனார்:

"இத்தாளில் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. மூன்றாம் அடுக்கில் பெயர்கள் பதின்மூன்றே. பார்த்தெழுதிய புத்தகத்திலும் பதின்மூன்றே. நகலில் யாரும் விடுபடவில்லை. எண்ணிப் பார்த்து எழுதியது, ஆ. சண்முகையா, பத்திர எழுத்தர், சங்கரன்கோவில்."

"ஆமென்" என்றது சபை.

பிஷப் தாளைத் தடவிப் பார்த்தார். உபதேசியார் அங்கேயே அழுது, ஆடுவரைக்கும் ஒப்பித்துவிட்டார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. பிஷப்புக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"போம், இனி புத்தகத்த வீட்டுக்குள்ள வச்சுக் காயப் போடும்" என்று உபதேசியாரைத் தட்டிக்கொடுத்துவிட்டு, சண்முகையாவைக் கூப்பிட்டார். "குறையுதுன்னு தெரிஞ்சும் சேக்காம விட்டீங்களே, ஐயா. உங்களுக்கு முன்னாலயும் எத்தனையோ எழுத்துக்காரன் எண்ணிப் பாத்து, திகைச்சு, இருக்கிறபடியே எழுதியிருப்பான். அவங்க கை வழியாத்தான் இது நம்ம கைக்கு வந்திருக்கு."

மறுநாள் காலையில் கதை டீக்கடைக்கு அவருக்கு முந்தியே வந்து சேர்ந்திருந்தது. மூக்காண்டி டீ கிளாசும் கையுமாக ரோட்டைத் தாண்டி வந்து மேசை முன்னால் நின்றான்.

"அந்தப் பதினாலாவது ஆளுக்கு எத்தன ஏக்கர்வே போச்சு?"

இருபத்திரண்டு வருசத்தில் முதல் பேச்சு. சண்முகையா பேனாவைக் கீழே வைத்தார். "நான் விடல, மூக்காண்டி. அது முன்னயே..."

"தெரியும். எங்க அய்யா அஞ்சு பேரு சொன்னாரு, அதுல ஒண்ண விட்டீரு. இதுல யாரையும் விடல." கட்சிக்காரர்களுக்குப் போட்டிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இது ஆறிப்போச்சு. வேற டீ சொல்லும்."