தண்ணீர் ஊற்றியவன்

அடுப்பில் கிடந்த ரொட்டிக் கல்லை வெறுங்கையால் பிடித்திருக்கிறோம் என்பது, பக்கத்து வீட்டு பாஸ்குவாலா கத்திய பிறகுதான் தெயொதோராவுக்குத் தெரிந்தது. புருஷன் அந்திரேஸ் அப்பாச்சிப் பழங்குடியினரின் அம்புக்குப் பலியான நாளிலிருந்து இப்படித்தான். அழுகை வரவில்லை, பசி எடுக்கவில்லை, சூடுகூட உறைக்கவில்லை. சோளம் அரைத்தாள், ரொட்டி தட்டினாள், பூசைக்குப் போனாள்.

"கல்யாணப் பொண்ணு கையைச் சுட்டுக்கிட்டா மோதிரத்தை எங்கடி போடறது?" என்றாள் பாஸ்குவாலா, புண்ணில் கற்றாழையைத் தடவிக்கொண்டே.

"இன்னொரு கை இருக்குல்ல."

ஆசைக் கல்யாணம் ஒன்றும் இல்லை. எல்லைக் கோட்டைச் சுவரை ஒட்டிய வீடுகள் சிப்பாய்களுக்கானவை. சிப்பாய் செத்தால் அவன் பெண்டாட்டி இன்னொரு சிப்பாயைக் கட்டிக்கொள்ள வேண்டும், அல்லது தெற்கே போகும் கோவேறு கழுதைக் கூட்டத்தோடு மூட்டை கட்ட வேண்டும். தளபதி இதைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை, வீட்டைத்தான் கேட்டார். தெற்கே அவளுக்கு இருந்தது ஒரு கொழுந்தன். சோறு போட்டுவிட்டு அதற்குப் பத்து மடங்கு வேலை வாங்குகிற ஆள்.

அதைவிடப் பெரிய காரணம் கோயிலுக்குள் இருந்தது. பிறந்த அன்றே போய்விட்ட அவள் பிள்ளை மத்தியாஸைப் பீடத்துக்கு இடது பக்கம் மண்தரைக்கு அடியில் புதைத்திருந்தார்கள். ஞாயிறு பூசையில் அந்த இடத்தில் அவளைத் தவிர யாரும் முழந்தாளிடுவதில்லை. ஊரே அதை அவளுக்கு விட்டுவைத்திருந்தது. தெற்கே போனால் அந்த இடம் அவளுக்கு இல்லை.

அதனால்தான் நெமெசியோ கேட்டபோது சரி என்றாள்; வேறு சிப்பாய் யாரும் கேட்கவில்லை. அந்திரேஸோடு ஒரே படையில் இருந்தவன். குடிக்க மாட்டான், அதிகம் பேசவும் மாட்டான். அவளுக்கு அது போதும்.

கல்யாணத்துக்கு முன் சாமியார் இரண்டு பேரையும் தனித்தனியாக விசாரிப்பது வழக்கம். முதலில் நெமெசியோ போய் வந்தான். வாசலில் அவளைக் கடக்கும்போது, "எல்லாம் சரியாப் பேசிட்டேன், நீ கவலைப்படாதே," என்று மெதுவாகச் சொன்னான். அவன் முகம் வியர்த்திருந்தது.

சாமியாருக்குப் பல்வலி. கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உம் பிள்ளை வெளியில பிறந்ததுன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமா சாமி. ஆத்தங்கரையில காட்டுக்கொட்டை பொறுக்கிட்டு இருந்தோம். வலி வந்துடுச்சு. மத்தவங்க எல்லாம் தூரத்துல இருந்தாங்க. காவலுக்கு நின்னது நெமெசியோ மட்டும்தான்."

"நான் அப்போ ஊர்ல இல்ல. பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆச்சுன்னு சொல்லி உள்ளே புதைச்சிருக்காங்க. தண்ணி யார் ஊத்தினாங்கன்னு அன்னைக்கு ஒருத்தரும் கேட்கல. இப்போ நான் கேட்கணும்." கன்னத்தை அழுத்திக்கொண்டார். "சாகப்போற பிள்ளைக்கு ஞானஸ்நானத் தண்ணி ஊத்தினவன் அந்தப் பிள்ளையோட தாய்க்கு ஞான உறவாயிடறான். உடன்பிறப்பு மாதிரி. கட்டிக்க முடியாது."

தெயொதோரா சுட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தத் தடைக்கு ஆயர்கிட்ட விலக்கு கேட்கலாம். பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். தளபதி அதுவரைக்கும் வீட்டை உனக்கு விட்டுவைக்க மாட்டார். ஆனா அந்தப் பேச்சே வேண்டாம்னு நெமெசியோ சொல்றான். தான் ஊத்தலையாம். ஓடி வர்றதுக்குள்ள பிள்ளை போயிடுச்சாம்."

அவளுக்குக் கண்முன்னால் வீடு தெரிந்தது. அடுப்பு, அம்மி, கதவு. நெமெசியோ சொன்னதற்கு ஒரே ஒரு "ஆமாம்" போதும்.

"அப்படின்னா பிள்ளை?"

"ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை கோயிலுக்குள்ள கிடக்கக் கூடாதும்மா. எடுத்து மதிலுக்கு வெளியே வைக்கணும்." அவருக்கும் அதைச் சொல்லப் பிடிக்கவில்லை. பாவம், நெமெசியோ. அவளுக்காக ஒரு பொய் சொன்னான், அந்தப் பொய் எங்கே போய் இடிக்கும் என்று யோசிக்கவில்லை.

"ஊத்தினான் சாமி," என்றாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "சுரைக்குடுக்கையில இருந்து. பிதா, சுதன், பரிசுத்த ஆவி, மூணும் சொல்லித்தான் ஊத்தினான். அவசரத்துல என் மேலயும் கொட்டிச்சு. தண்ணி பட்டதும் பிள்ளை கண்ணைத் திறந்துச்சு."

"சத்தியமா?"

"சத்தியமா."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"நான் போனாலும் பிள்ளை இங்கயே இருக்கட்டும் சாமி."

சாமியார் எழுந்து கோயிலுக்கான உள்கதவைத் திறந்துவிட்டார். அவள் போய் இடது பக்கத்தில் முழந்தாளிட்டாள். செபம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. சுட்ட கையைத் தரையில் ஊன்றியபோது சுரீர் என்றது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

வெளியே நெமெசியோ சுவரில் சாய்ந்து நின்றிருந்தான்.

"என்ன சொன்னே?"

"நடந்ததைச் சொன்னேன்."

அவன் கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் சுவரிலிருந்து நிமிர்ந்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான்.

"கழுதைக் கூட்டம் வெள்ளிக்கிழமை கிளம்புது," என்றான். "மூட்டையை நான் வந்து கட்டித் தர்றேன். நீங்க பாரத்தைத் தூக்க வேண்டாம்."

அவன் அவளை 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஞான உறவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

"அம்மியை எடுத்துட்டுப் போக முடியாது," என்றாள் தெயொதோரா. "அதை நீங்க வச்சுக்குங்க."