நான்காவது கம்பி

என் தங்கை லவோன் கடைசியாக மேடையில் பாடியது ஒரு செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம். அவள் பாட்டை நிறுத்தியதற்குக் காரணம் நான். அதை ஒப்புக்கொள்ள எனக்குப் பதினொரு வருடம் ஆயிற்று.

ஷைனர் என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள நடனக் கூடங்களில் எங்கள் குழு வாசிக்கும். வால்ட்ஸ், போல்கா, பழைய கண்ட்ரி பாட்டுகள். லவோன் பாடுவாள், அடால்ஃப் டிரம்ஸ் அடிப்பான், நான் பெடல் ஸ்டீல் கிட்டார். நான்கு கால்களில் மேஜைபோல நிற்கும் வாத்தியம் அது. இடது கையில் இருக்கும் இரும்புத் துண்டு பத்துக் கம்பிகள்மேல் வழுக்கிக்கொண்டு போகும். காலால் பெடலை அழுத்தினால் சில கம்பிகள் இழுபட்டுச் சுருதி ஏறும். மற்றவை இருந்த இடத்தில் அப்படியே இருக்க வேண்டும்.

என்னுடையது சான் அன்டோனியோவில் ஒருவர் வாசித்துக் கைமாற்றியது. அது வந்த ஆறாவது மாதம் லவோன் முதல்தடவையாகச் சொன்னாள்.

"வெல்டன், நீ ரெண்டு பெடலையும் சேத்து அழுத்துறப்ப என்னமோ கீழ எறங்குது."

"எது எறங்குது?"

"எதுன்னு தெரியல. காதுல படுது. நான் நிக்கிற எடத்த யாரோ உருவி விட்ட மாதிரி இருக்கு."

"சுருதி பாக்குற மீட்டர் வெச்சுத்தான் சேத்துருக்கேன். எல்லாத்துக்கும் முள்ளு நடுவுல நிக்குது."

"மீட்டரா பாடுது? நான்தான பாடுறேன்?"

நான் எரிவாயுக் குழாய் கம்பெனியில் அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். முள் எங்கே நிற்கிறதோ அதுதான் எனக்கு உண்மை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் தங்கையின் காது, முள்ளைவிட நுட்பமாக இருக்கும் என்று என் மண்டையில் ஏறவில்லை.

இருந்தாலும் ஒரு சனிக்கிழமை அவளை வீட்டுக்கு வரச்சொல்லி, அவள் கண்ணெதிரே சோதித்துக் காட்டினேன். பெடலைத் தொடாமல் பத்துக் கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டினேன். முள் நடுவில். பிறகு பெடலை அழுத்தி, பெடல் இழுக்கிற கம்பிகளை மட்டும் தட்டினேன். அதுவும் நடுவில்.

"மத்த கம்பிங்கள?" என்று கேட்டாள்.

"மத்ததுக்கும் பெடலுக்கும் சம்பந்தமே இல்ல, லவோன். அது எப்படி மாறும்?"

"எதுக்கும் அழுத்திக்கிட்டுத் தட்டிப் பாரேன்."

"நீதான் சுருதிக்கு மேல போறே. அதான் விஷயம். ஒத்துக்கயேன்."

அவள் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அரை நிமிட வேலை. நான் செய்யவில்லை.

அடுத்த வாரம் தேவாலயத் திருவிழா. காலைப் பூசைக்குப் பிறகு கூடத்தில் கோழி வறுவலும் சாசேஜும் சாப்பிட்டுவிட்டு, நானூறு பேருக்குமேல் நடனத்துக்குக் காத்திருந்தார்கள். மூன்றாவது பாட்டு ஒரு மெதுவான வால்ட்ஸ். லவோன் நீளமாக ஒரு சுரத்தைப் பிடித்தாள். நான் இரண்டு பெடலையும் அழுத்தினேன். அவள் குரலும் என் கிட்டாரும் உரசிக்கொண்டன. அவள் திரும்பி என் காலைப் பார்த்தாள். எல்லார் முன்னாலும் அப்படிப் பார்த்ததில் எனக்குச் சுருக்கென்றது. என் முன்னால் இருந்த மைக்கில் சொன்னேன்:

"லவோன், கொஞ்சம் கீழ எறங்கி வாம்மா. நாங்கல்லாம் இங்கதான் இருக்கோம்."

கூடம் முழுக்கச் சிரித்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

லவோன் பாட்டை நடுவில் விடவில்லை. கடைசிச் சரணத்தை என் கிட்டாரோடு ஒட்டியே பாடினாள். தன் காது சொன்னதை விட்டு என் சுருதிக்கு இறங்கி வந்து பாடினாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். முடிந்ததும் மைக்கை அதன் இடத்தில் செருகினாள். சமையலறைக்குப் போய், காலையில் தான் கொண்டுவந்திருந்த பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு, காரில் ஏறிப் போய்விட்டாள். அந்தக் கூடத்துக்கு அவள் மறுபடி வரவே இல்லை.

எங்களுக்குள் பேச்சு நிற்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவாள், மழையைப் பற்றியும் மாடுகளைப் பற்றியும் பேசுவாள். பாட்டைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டாள். இரண்டாம் வருடம் விக்டோரியா நகரத்துக்கு வேலை மாற்றிக்கொண்டு போனாள். அவள் இடத்துக்கு நாங்கள் பிடித்த ஆள் கிட்டாரைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவன் எந்தச் சுருதியிலும் நிற்காதவன்.

போன பிப்ரவரியில் ஒரு பெடல் இறுகிக்கொண்டது. யோக்கம் ஊரில் வாத்தியங்களைப் பழுதுபார்க்கும் எல்ராய் ஹனாக்கிடம் கொண்டுபோனேன். கடைசல் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். பெடலைப் பத்து நிமிடத்தில் சரிசெய்தார். பிறகு தன் மீட்டரைச் செருகி, நான்காவது கம்பியைத் தட்டினார். முள் நடுவில் நின்றது. கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பெடலையும் அழுத்தினார். முள் இடப்பக்கம் சாய்ந்தது. காலை எடுத்தார். திரும்பி வந்தது.

"இது எத்தன நாளா இப்படி இருக்கு?" என்றார்.

"பெடல் அந்தக் கம்பிய இழுக்காதே," என்றேன்.

"கம்பிய இழுக்கல. பொட்டியே வளையுது. நீங்க அழுத்துறப்ப மொத்த ஒடம்பும் ஒரு மயிரிழை வளைஞ்சு, சும்மா இருக்குற கம்பியெல்லாம் தொய்யுது."

தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். உள்ளே குறுக்குக் கட்டை சேரும் இடத்தில் மரம் நீளவாக்கில் பிளந்திருந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் யாரோ அதில் பசையை ஊற்றி மேலே கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தார்.

"இதோட பாடுனவங்க பாவம். நல்ல காது உள்ளவங்களா இருந்தா பைத்தியம் புடிச்சிருக்கும்," என்றார் எல்ராய்.

நான் கிட்டாரை வண்டியில் ஏற்றினேன்.

அங்கிருந்து நேராக விக்டோரியாவுக்கு வண்டியை ஓட்டினேன். லவோன் கதவைத் திறந்தாள். மூன்று வருடத்துக்கு முன் கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து அவள் குரல் காற்றும் கரகரப்புமாகத்தான் வரும். போனிலும் கிறிஸ்துமஸிலும் கேட்டுப் பழகியிருந்தேன். அன்றைக்குக் கேட்டபோது தாங்க முடியவில்லை.

"என்ன, சொல்லாம கொள்ளாம?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பிளவு, முள், நான்காவது கம்பி.

"எனக்குத் தெரியும், வெல்டன்," என்றாள்.

"பொட்டி வளையுறதா?"

"பொட்டியப் பத்தி எனக்கென்ன தெரியும்? நான் சரியாத்தான் பாடுனேன்னு தெரியும். ஒரு தடவ தட்டிப் பாருன்னு கேட்டேன். நீ பாக்கல. அதான் எனக்கு வலிச்சுது."

"மன்னிச்சுடு."

"சரி, உள்ள வா. நூடுல்ஸ் சூப் இருக்கு."

சாப்பிடும்போது ஒரே ஒரு விஷயம் கேட்டாள். "அன்னைக்குச் சிரிச்சாங்களே, அவங்ககிட்டயும் சொல்லு."

அந்த ஞாயிறே சொன்னேன். அதே கூடம், அதே மைக். நாங்கள் தொடங்குவதற்கு முன் எழுந்து நின்று, பதினொரு வருடத்துக்கு முன் நான் என் தங்கையைக் கேலி செய்ததையும், தப்பு என் கிட்டாரில் இருந்ததையும் சொன்னேன். முன்வரிசை மேஜைகளில் இருந்தவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். யாரோ, "எந்தத் தங்கச்சி?" என்று பக்கத்தில் கேட்டார். அன்று சிரித்தவர்களில் பாதிப் பேர் இப்போது கல்லறைத் தோட்டத்தில். இருப்பவர்களுக்கு நினைவில்லை. அடால்ஃப்பிடமே கேட்டேன்.

"லவோன் பாடுனது ஞாபகமிருக்கு. நல்லாப் பாடும். நீ என்னமோ சொன்னியா? அதெல்லாம் யாரு ஞாபகம் வெச்சிருக்கா?" என்றான்.

சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தேன்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

பொய் சொல்ல நினைத்தேன். அவளிடம் இனிமேல் அது வேண்டாம் என்று பட்டது.

"யாருக்கும் ஞாபகமே இல்ல, லவோன்."



"ஒருத்தருக்குமா?"

"ஒருத்தருக்கும்."

"அம்மா கல்லறைக்கு வரப்பல்லாம் அந்தக் கூடத்து வழியா வர மாட்டேன், தெரியுமா? பாலத்து வழியாச் சுத்திக்கிட்டுப் போவேன். யாராவது பாத்துச் சிரிப்பாங்களோன்னு." அவள் இருமினாள். "பதினோரு வருஷம்."

போனை வைக்க எனக்கு மனமில்லை. மழை பெய்ததா என்று அவளே கேட்டாள். கொஞ்சம் பெய்தது என்றேன்.