தீட்டி வைத்த இடது கால்

"கழுவுனதோட விட்டுட்டேன்னா நெனைக்கிற? தீட்டியும் வச்சிருக்கேன்."

"எதை மாமா?"

"எல்லாத்தையுந்தான். உளி, வாய்ச்சி, இழைப்புளி, ஒன் ஷூ."

"ஷூவைத் தீட்டுனீகளா?"

"அடியில பல்லு பல்லா இருக்குல்ல, அது பூராம் மழுங்கிக் கெடந்துச்சு. மழுங்குன ஆயுதத்தைச் சாமி முன்னால வைக்க முடியுமா? அரை இஞ்சு உளியைப் போட்டு ஒவ்வொரு பல்லா எடுத்துவிட்டேன். இப்ப மண்ணுல வச்சுப் பாரு, அப்படியே கவ்வும்."

ராஜப்ரியா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். கொடைக்கானல் மலையில் ஐம்பது கிலோமீட்டர் ஏறி இறங்கிவிட்டு, உட்காரக்கூட இல்லாமல் நின்றபடியே இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்ட கால்கள் அவை. இன்று மாமனாரின் மரப்பட்டறை வாசலில், காலை பத்து மணிக்கு, ஒரு அடிகூட ஓடாமலே நின்றுவிட்டன. ஷட்டரைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

கோட்டையூர் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் ஆசைத்தம்பி ஆசாரியின் பட்டறை ஆயுத பூசைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. சிவப்புத் துணி விரித்து, உளிகள் பள்ளிக்கூடக் குரூப் போட்டோ மாதிரி உயரவாரியாக நின்றன. அப்புறம் ரம்பங்கள், டிரில்லிங் மெஷின், மின்சார இழைப்பு மெஷின். வரிசையின் கடைசியில், புதுசாகச் சேர்ந்த பிள்ளை மாதிரி கொஞ்சம் தள்ளி, அவளுடைய ஆரஞ்சு ஷூ இரண்டும். பக்கத்தில் முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை, ஓட்டத்தை அளக்கும் கைக்கடிகாரம். எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். தண்ணீர்ப் பைக்கு மட்டும் சாமந்திச் சரம் கூடுதல்.

ஷூக்கள் கழுவிய மீன் மாதிரிப் பளபளவென்று சுத்தமாக இருந்தன. கழுவக்கூடாது என்று, ஷூவைச் செய்த கோயம்புத்தூர் கம்பெனி அனுப்பிய கடிதத்தில் மூன்று இடத்தில் போட்டிருந்தது. ஒரு இடத்தில் தடித்த எழுத்தில்.

ராஜப்ரியா ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சர். பதினாலு வருடமாக நெடுந்தூரம் ஓடுகிறவள். வெயில் ரோட்டுக்கும் செம்மண் பாதைக்கும் என்று புதிதாகச் செய்த ஷூவை முந்நூறு கிலோமீட்டர் ஓடித் தேய்த்துப் பார்த்துச் சொல்லும்படி அந்தக் கம்பெனி பன்னிரண்டு பேரிடம் கொடுத்திருந்தது. அதில் ஒருவரை மட்டும் வருடம் முழுக்கச் சோதனைக்கு வைத்துக்கொள்வார்கள். முதல் வேலையே ஜூன் மாதம், பனியில் ஓடும் ஷூவோடு இமயமலை. அவள் இதுவரை பனிக்கட்டியைப் பார்த்தது மீன் வண்டியில்தான். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து மீன் வண்டி தெருவில் போனால், மீனை விட்டுவிட்டு ஐஸையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மீன்காரர் அவளுக்குக் கண்ணில் கோளாறு என்று முடிவு செய்திருந்தார்.

வாராவாரம் கம்பெனி ஒரு படிவம் அனுப்பும். 'ஷூ உங்கள் பாதத்தோடு ஒன்றியதா?' என்ற மாதிரிக் கேள்விகள். அவள் ஓடுகிற பாதையைப் பற்றி அதில் கேள்வியே இல்லை. அதனால் ஓரத்தில் தானே எழுதி அனுப்புவாள். 'கண்மாய்க் கரையில் கருவேல முள் குத்தியது, உள்ளே இறங்கவில்லை. ரைஸ் மில் நாய் துரத்தியபோது வளைவில் பிடிமானம், பத்துக்கு ஒன்பது. அதே நாய், மழைக்குப் பிறகு, பத்துக்கு ஆறு.' கம்பெனியில் இதை ரசித்துப் படிக்கிறார்கள் என்று கேள்வி.

இருநூற்று எழுபத்தெட்டு கிலோமீட்டர் முடிந்திருந்தது. மிச்சம் இருபத்திரண்டு. லீவு நாளாச்சே, பொரி கடலை பொட்டலம் போட்டுவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்பினால் திருப்பத்தூர் ரோட்டில் பதினொரு கிலோமீட்டர் போய்ப் பதினொரு கிலோமீட்டர் வந்துவிடலாம் என்று கணக்கு வைத்திருந்தாள். நாலு மணிக்குக் கம்பெனி ஆள் வந்து ஷூவை வாங்கிக்கொண்டு போவார்.

"மாமா, இதையெல்லாம் எப்ப எடுக்கலாம்?"

"நாளைக்கு விடிஞ்சு."

"இன்னிக்கு?"

ஆசைத்தம்பி அவளை இரக்கத்தோடு பார்த்தார். "இன்னிக்கு அதுகளுக்கு ஓய்வு ஆத்தா. பொட்டு வச்சாச்சுன்னா விஜயதசமி வரைக்கும் அசைக்கக்கூடாது."

அவர் இதில் எப்படி என்று ஊருக்கே தெரியும். ஒரு வருடம் வலையபட்டியிலிருந்து கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் இதே நாளில், நிலையில் பொருந்தாத கதவைக் காரோடு கட்டிக்கொண்டு வந்து, வாசலில் நின்று கண்கலங்கினார். ஆசைத்தம்பி அவருக்குச் சுண்டல் கொடுத்து, நாளைக்கு வாரேன் என்று அனுப்பிவிட்டார். அந்தக் கல்யாண வீடு ஒரு ராத்திரி முழுக்கப் படுதாவைக் கதவாகக் கட்டிக்கொண்டு கிடந்தது.

கிண்ணத்தில் சுண்டலோடு மாமியார் நாகவல்லி வந்தாள். "செருப்பைக் கொண்டாந்து சரஸ்வதி முன்னால வச்ச ஆளு இந்தச் சீமையிலேயே இவுக ஒருத்தர்தான். விடியக்காலையில இருந்து சொல்லிக்கிட்டிருக்கேன், காதுல போட்டாத்தானே."

"அது செருப்பில்லடி."

"கால்ல மாட்டுறதுக்கு வேற என்ன பேரு?"

"எனக்கு உளி மாதிரி அவளுக்கு அது. அவ தொழிலுச் சாமான்."

"சாமானாம் சாமான். நடுப்பூசையில அந்தக் கடியாரம் கீகீன்னு கத்துது. நான் பல்லின்னு நெனைச்சுக் கன்னத்துல போட்டுக்கிட்டேன்."

அந்தக் கடிகாரம், கட்டியிருப்பவர் ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தால் 'நகரவும்' என்று காட்டி ஒலி எழுப்பும். சாமி முன்னால் உட்கார்ந்ததிலிருந்து மணிக்கொருதரம் அது கெஞ்சிக்கொண்டிருந்தது.

நாகவல்லி மருமகளின் முகத்தைப் பார்த்தாள். விஷயம் பெரிசு என்று புரிந்துகொண்டு, குரலைத் தாழ்த்தினாள். "இந்தா ராஜி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. அது செருப்புதான்னு ஒன் வாயால ஒரு வார்த்தை சொல்லு. ஆயுதம் இல்லைன்னு ஆகிப்போச்சுன்னா அது சாமி முன்னால இருக்கவே கூடாது. நானே கம்பால தூக்கி வெளிய போட்டுருறேன். நீ மாட்டிக்கிட்டு ஓடு."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. இமயமலை அந்த ஒரு வார்த்தைக்கு அந்தப்பக்கம் நின்றது.

ராஜப்ரியா வாயைத் திறந்தாள். ஆசைத்தம்பி வேறு எங்கோ பார்ப்பதுபோல, சாய்ந்திருந்த ஒரு உளியை நிமிர்த்தப் போய், தொடக்கூடாது என்று நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவள் ஓடுவதைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் டீக்கடையில் கேட்டவர்களிடமெல்லாம், "மருமக காரைக்குடி பஸ்ஸை விட்டுருச்சு, அதான் ஓடுது" என்று சொல்லிவைத்தார். எட்டு வருடம். ஊரில் பாதிப் பேருக்கு அவள் இன்றைக்கும் ஒரு நாள் தவறாமல் பஸ்ஸை விடுகிற அப்பாவிப் பெண்தான். இரண்டு டிரைவர்கள் பாவம் பார்த்து நடுரோட்டில் நிறுத்தி ஏறச் சொல்லியிருக்கிறார்கள். கத்தாரில் வேலை பார்க்கும் புருஷன் விக்னேஸ்வரன்கூட, "அப்பா ஒத்துக்கிட மாட்டாரு, விட்டுரு" என்று போனில் சொல்லியிருந்தான். அந்த மனுஷன்தான் நேற்று உட்கார்ந்து அவள் ஷூவின் பற்களை ஒவ்வொன்றாகச் சீவியிருக்கிறார்.

"சுண்டல்ல உப்பு கொஞ்சம் கம்மி அத்தை" என்றாள் ராஜப்ரியா, கிண்ணத்திலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு.

பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. கடிகாரம் நகரச் சொன்னது. யாரும் நகரவில்லை. வெளியே அருமையான வெயில் வீணாகக் காய்ந்துகொண்டிருந்தது.

நாலு மணிக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கையுறை, தாளிட்ட பிளாஸ்டிக் பை, டேப்லெட் சகிதம் பூமிநாதன் இறங்கினார். ஷூவின் அடிப்பாகத்தை வரைந்து கொடுப்பவரே அவர்தான். ஒல்லியான மனிதர், அறுவை சிகிச்சை செய்ய வந்தவர் போன்ற முகம்.

"மேடம், ஷூங்க?"

அவள் உள்ளே கை காட்டினாள்.

"தம்பி, செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்றார் ஆசைத்தம்பி.

பூமிநாதன் தன் கம்பெனி ஷூவை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, தன் கம்பெனி ஷூவைத் தரிசிக்க உள்ளே போனார். சந்தனத்தைப் பார்த்தார். கையுறையை மெதுவாகக் கழற்றினார். பிறகு, தீட்டிய வேலை சாமிக்குத் தெரியட்டும் என்று அடிப்பாகம் முன்னால் தெரியும்படி சாய்த்து வைத்திருந்த இடது ஷூவைக் கண்டதும் அப்படியே தரையில் குப்புறப் படுத்துவிட்டார். நாகவல்லி, பக்தி என்றால் இதுதான் என்று நினைத்தாள்.

"இதை யாருங்க வெட்டினது?"

"நாந்தான்."

"இடது மட்டும் வெட்டியிருக்குதுங்க. வலது?"

"வலதை எடுக்கையில எமகண்டம் வந்துருச்சு."

பூமிநாதன் போன் வெளிச்சத்தை அடித்து, தொடாமல், மூக்கு இடிக்கிற தூரத்துக்குப் போய்ப் பார்த்தார். "சாய்ச்சு எடுத்திருக்கீங்க."

"நேரா எடுத்தா மண்ணு அடைக்கும்ல. கதவு நிலையில தண்ணி நிக்காம இருக்க நாங்க இப்படித்தான் எடுக்குறது."

பூமிநாதன் எழுந்து சட்டையைத் தட்டினார். "மேடம், சோதனை விதிப்படி இது ரொம்பப் பெரிய தப்புங்க." மறுபடி ஒருமுறை குனிந்து பார்த்தார். "ரொம்ப அழகா வேற இருக்குதுங்க. சரி, முந்நூறு முடிச்சீங்களா?"

"இருநூத்தி எழுபத்தெட்டு."

அவர் முகம் வாடியது. நாளைக் காலை பத்து மணிக்குக் கோயம்புத்தூரில் எல்லா ஷூவையும் குறுக்கே அறுத்துப் பார்க்கப்போகிறார்கள். ஐந்து மணிக்கு அவர் கிளம்பியாக வேண்டும். டேப்லெட்டில் அவள் பெயருக்கு நேரே 'முடிக்கவில்லை' என்று தொட்டால், காரணம் கேட்டது. காயம், காய்ச்சல், மழை, நாய் என்று நாலே நாலு காரணங்கள். நாய் அவளுக்காகவே சேர்த்தது.

"சாமின்னு ஒண்ணு இல்லைங்களே" என்றார் பூமிநாதன் கவலையோடு. பிறகு கெஞ்சும் குரலில், "மேடம், என்ன இருந்தாலும் இது வெறும் ஷூதானுங்களே. ஐயாகிட்ட நீங்களே எடுத்துச் சொன்னீங்கன்னா..."

"அதைத்தான் நானும் காலையில இருந்து சொல்றேன்" என்றாள் நாகவல்லி.

மூன்று பேரும் ராஜப்ரியாவைப் பார்த்தார்கள். அவளுக்கு மீன் வண்டியின் ஐஸ் நினைவுக்கு வந்தது. அது உருகி ரோட்டில் சொட்டிக்கொண்டே போகும்.

"இல்ல சார். அது என் ஆயுதம்" என்றாள். "நாளைக்கு ஆறு மணிக்கு மாமா எடுத்துக் குடுப்பாக. எட்டரைக்குள்ள இருபத்திரண்டையும் ஓடி முடிச்சிருவேன். இடது ஒரு மாதிரி, வலது ஒரு மாதிரி, ரெண்டும் எப்படி இருக்குன்னு தனித்தனியா எழுதித் தாரேன். அதுவரைக்கும் இருக்க முடியாதுன்னா முடிக்கலைன்னே போட்டுக்கிருங்க. காரணத்துக்கு நாயைப் போட்டுருங்க, பரவாயில்ல."

பூமிநாதன் டேப்லெட்டைப் பார்த்தார். இடது ஷூவைப் பார்த்தார். விரல் திரைக்கு மேலே நின்றது. "தனித்தனியாங்களா?" என்று முணுமுணுத்தார். "ஆனா மேனேஜருக்கு நான் என்னங்க சொல்றது? கார் ரிப்பேர்னு பொய் சொல்லவும் எனக்கு வராதுங்க."

மருமகள் 'என் ஆயுதம்' என்றதிலிருந்து ஆசைத்தம்பி துண்டை உதறி உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது வெளியே போய் வெள்ளைக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், புது மரத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல. திரும்பி வந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்தார்.

"தம்பி, இந்தக் கார்லதான் ஊர் ஊராப் போறீகளோ?"

"ஆமாங்கய்யா. வாரத்துல ஆறு நாள்."

"அப்ப ஒங்களுக்கு அதுதான் ஆயுதம். இன்னிக்குப் பொட்டு வச்சீகளா?"

"இல்லைங்க. காலையில அவசரத்துல..."

"நல்ல நாளும் அதுவுமா, ஆயுதத்தை மூளியாவா ஓட்டிட்டு வந்தீக?" நாகவல்லி பதறிப்போய்ச் சொன்னாள்.

ராஜப்ரியா மாமனாரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. சிவப்புத் துணியின் ஓரத்தில், இடது ஷூவை ஒட்டி, ஒரு சாவி வைக்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. காலையில் அந்த இடம் இருந்ததா என்று அவளுக்கு நினைவில்லை.

"பொட்டு வச்சா, விடியிற வரைக்கும் காரை அசைக்க..." என்று ஆரம்பித்த பூமிநாதன், வாக்கியத்தை முடிக்காமல் பேண்ட் பைக்குள் கையை விட்டார். கை உள்ளேயே இருந்தது.

கடிகாரம் 'நகரவும்' என்று கத்தியது.

ஆசைத்தம்பி சந்தனம் படிந்த வலது கையை நீட்டினார்.

"சாவியைக் குடுங்க தம்பி."