பிலிம் டப்பாவுக்குள் அடங்காதவை

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த கையோடு லூர்துசெல்வி காலி கேமரா பிலிம் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் புருஷன் தேவசிகாமணி, ஏற்காடு பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவன், சுவிட்சும் பல்பும் பதித்துத் தான் செய்த விளையாட்டுப் பலகையை அவள் முன்னால் வைத்துவிட்டுப் பரீட்சைக்கு வந்தவனைப் போல நின்றான்.

இரண்டு வயது சாந்தாமேரிக்கு அப்பா செய்வதையெல்லாம் தானும் செய்தாக வேண்டும். அவன் வீட்டில் ஒரு ரேடியோவைத் திறந்தால் மடியில் ஏறிவிடுவாள். செல்வி பாய்ந்து வந்து தூக்கிப் போவாள். பிள்ளை அழுது ஊரைக் கூட்டும். இப்படியே எத்தனை நாள் இழுத்துப் பிடிப்பது? அப்பனும் மகளும் சேர்ந்து நோண்டி விளையாட ஒரு சாமான் செய்யச் சொன்னாள். ஆனால் எதுவானாலும் அவள் பார்த்துச் சரியென்ற பிறகுதான். டப்பாவுக்குள் அடங்குவது பிள்ளையின் தொண்டைக்குள்ளும் போகும் என்பது அவளே போட்ட சட்டம்.

சட்டத்துக்குக் காரணமானவன் சுவரில் மாலையோடு படமாகத் தொங்கினான். மூத்தவன் இன்னாசி. ஒரு கிறிஸ்துமஸுக்குச் செல்வியின் அண்ணன் மரியஅந்தோணி கரடியூரிலிருந்து வரும்போது பாட்டுப் பாடும் பொம்மை கொண்டுவந்தான். அதிலிருந்த பித்தான் அளவு செல் ஒன்றைப் பிள்ளை விழுங்கிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. சளி என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சேலத்துக்குக் கொண்டுபோனபோது தொண்டை உள்ளுக்குள்ளேயே வெந்துபோயிருந்தது.

அடக்கத்தன்றே செல்வி அண்ணனிடம், "இனி என்ற ஊட்டுப் படிய மிதிக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். அவன் அப்படியே திரும்பி நடந்தான். பிறகு கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவளையே பார்ப்பான்; அவள் திரும்பமாட்டாள். சாந்தாமேரியின் ஞானஸ்நானத்துக்குக்கூடச் சொல்லி அனுப்பவில்லை. போன வருஷம் எஸ்டேட் வேலைக்கென்று குடகுப் பக்கம் போனவன், அதோடு சரி. போய்த் தொலையட்டும் என்றுதான் இருந்தாள். ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கவே இல்லை. இன்னாசி மண்ணைக்கூட வாயில் வைக்காத பிள்ளை. அதை மட்டும் ஏன் வைத்தான்?

"இது என்னங்க?"

"பழைய ரேடியோக் குமிழ்."

டப்பாவில் போட்டுப் பார்த்தாள். விழுந்தது. "வேண்டாமுங்க." அவன் அதைக் கழற்றி எடுத்தான்.

"பல்பு?"

"சோப்பு டப்பாவுக்குள்ள வெச்சு மூடி போட்டாச்சு. உடைஞ்சாலும் வெளிய வராது."

"கரண்டு?"

"சுவத்துக் கரண்டே கிடையாது புள்ள. டார்ச்சு லைட்டுக்குப் போடற பெரிய செல்லு. அதுக்கும் மூடி, மூடிக்கு ஸ்க்ரூ."

மூடியை இழுத்துப் பார்த்தாள், சுவிட்சைத் திருகிப் பார்த்தாள், பலகையின் ஓரத்தில் சிலாம்பு இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவினாள். ஒரு குறையும் இல்லை. கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தும் இல்லை.

"வா கண்ணு" என்றான் தேவசிகாமணி. சாந்தாமேரி சுவிட்சை அமுக்கினாள். பல்பு எரிந்தது. பிள்ளை கைகொட்டிச் சிரித்தது. செல்வியும் சிரித்தாள். அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் வந்து சில்வர் ஓக் மரங்களை மறைத்துக்கொண்டிருந்தது.

மறுபடி அமுக்கியபோது பல்பு மங்கி அணைந்தது.

"இரு சாமி, செல்லு தீந்துருச்சா பாக்கறேன்." தேவசிகாமணி ஸ்க்ரூவைக் கழற்றி, செல்லிலிருந்து வந்த இரண்டு ஒயர் நுனிகளையும் நாக்கில் தொட்டுப் பார்த்தான். கடையில் நாள் முழுக்கச் செய்வது. சுர்ரென்றால் செல்லில் உயிர் இருக்கிறது, சப்பென்றிருந்தால் தீர்ந்தது. மீட்டர் எடுக்கச் சோம்பல்படும் ரேடியோக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்.

சாந்தாமேரி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தானும் நாக்கை நீட்டினாள்.

செல்வியின் கையிலிருந்து பிலிம் டப்பா விழுந்து உருண்டது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பொம்மை பாடாமல் நின்றுபோனது. தேவசிகாமணி செல்களைக் கழற்றி ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பார்த்தான். மடியில் இன்னாசி, நாக்கை நீட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. செல்வி அடுப்படியிலிருந்து பார்த்து அவளும் சிரித்தாள். எல்லாம் இப்போது நடப்பதுபோல இருந்தது.

தேவசிகாமணி அவளை நிமிர்ந்து பார்த்தான். ஒயரைக் கீழே விட்டான்.

"செல்வி, அன்னிக்கு நானு..."

"பேசாதீங்க."

அவனைத் திட்டவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. திட்டுவதற்கு இருந்த வார்த்தைகளையெல்லாம் அவள் அண்ணன் மேல் கொட்டித் தீர்த்திருந்தாள்.

உருண்டுபோன டப்பாவை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டாள். "அண்ணன் எந்த எஸ்டேட்டுல இருக்கறாங்கன்னு யாருக்காச்சும் தெரியுமாங்க?"

"முன்னாலயே கரடியூருல நொம்பப் பேருகிட்டக் கேட்டுட்டேன் புள்ள. யாருக்கும் தெரியல."

இதற்குள் சாந்தாமேரி கீழே கிடந்த ஒயரை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்திருந்தாள். நாக்கை நீட்டிக் காட்டி, ஒயரை அவள் வாய்க்கு நேரே தூக்கிப் பிடித்து, "அம்மா, ஆ" என்றாள்.