பாப்பாவின் பாட்டில்

பெட்டி கனமே இல்லை. அண்ணன் ஒருவனே தூக்கிவிடுவான். ஆனாலும் குழிக்குள் இறக்கும்போது தம்பியும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். பிடிக்க இடம் போதாமல் இரண்டு பேர் விரல்களும் பெட்டிக்கு அடியில் முட்டிக்கொண்டன.

தம்பி டூவீலர் மெக்கானிக். அண்ணிக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து வீட்டில் அவன் பெயரே சித்தப்பா என்றாகிவிட்டது. முதலில் வந்த பையனைத்தான் இப்போது மண்ணில் விட்டிருந்தார்கள். சிவந்த மண்ணை இருவரும் கையாலேயே தள்ளி முடித்த பிறகு அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பாப்பா மூத்திரம் போயிருப்பாளாடா?"

வேறு யார் காதிலாவது விழுந்திருந்தால் இவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றிருப்பார்கள். சித்தப்பாவும் அந்தக் கேள்வியையேதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

பையனைக் கொண்டுபோனது ஒரு கிருமி. பெரியவர்களுக்கு வந்தால் வந்ததே தெரியாதாம். வயிற்றிலிருக்கும் பிள்ளையைத் தொட்டால்தான் வினை. பையன் சிறுத்த தலையும் வீங்கிய ஈரலுமாகப் பிறந்து கண்ணாடிப் பெட்டியிலேயே கிடந்தான். கூடப் பிறந்த பாப்பாவோ தெருமுனை வரை கேட்கக் கத்துகிறவள். அவளுக்குள்ளும் அது ஒளிந்திருக்கலாம், பின்னால் மெல்ல மெல்லக் காது போகலாம் என்றார் டாக்டர். இப்போதே தெரிந்தால் மருந்து கொடுத்து, வருஷக்கணக்கில் காதைச் சோதித்துக்கொண்டே இருக்கலாமாம்.

எச்சில் எடுத்துப் பார்த்ததில் கிருமி இருப்பதாக வந்தது. ஆனால் அழுகிறாளே என்று அண்ணி பால் கொடுத்த கையோடு எடுத்த எச்சில் அது. "பால்ல வந்ததாவும் இருக்கலாம்மா. மூத்திரத்துல பாத்தாத்தான் உறுதி. பிறந்து மூணு வாரத்துக்குள்ள எடுத்துடணும். அதுக்கப்புறம் எடுத்தா, வயித்துலயே இருந்ததா, வெளிய தொத்துனதான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அதற்குள் பையனுக்கு மோசமாகிவிட, எல்லோரும் இதை மறந்தே போனார்கள். கெடு நாளையோடு முடிகிறது. நாளை ஆய்வகம் விடுமுறை.

அதனால்தான், இடுகாட்டுக்குக் கிளம்புவதற்கு முன்பு, மூத்திரம் பிடிக்க மருத்துவமனையில் கொடுத்திருந்த ஒட்டுப் பையை அண்ணன் பாப்பாவுக்கு மாட்டினான். பஞ்சர் ஒட்டிப் பழகிய கையால் தம்பி விளிம்பை அழுத்திவிட்டான். அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? அவனுக்கும் எல்லாம் தெரிஞ்சுதானே இருந்துச்சு" என்றாள்.

வீடு திரும்பி, சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு உள்ளே ஓடினால் பாப்பா புதுத் துணியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னத்தையோ பிளாஸ்டிக்கை ஒட்டி வெச்சிருக்கீங்களே, பச்சப் புள்ளைக்கு!" என்றாள் துக்கம் கேட்க வந்திருந்த அண்ணியின் பெரியம்மா. "ரொம்பி வழிஞ்சுது. பிச்சுத் தூரப் போட்டுட்டு நல்லா துடைச்சுவிட்டேன். எப்படித் தூங்குறா பாரு!"

சித்தப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அந்த அம்மாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பிள்ளையை மடியில் வைத்திருந்தவள். இருந்தது அந்த ஒரு பைதான். அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மூடி போட்ட சுத்தமான பாட்டில் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. துணியை விலக்கி, பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் பாப்பாவின் முன்னால் குத்துக்காலிட்டார்கள். நேரம் ஓடியது. அண்ணன் "உஸ்... உஸ்..." என்று ஆரம்பித்தான். தம்பியும் சேர்ந்துகொண்டான். பாப்பா மசியவில்லை. கூடத்தில் இருந்த பெரியவர் ஒருவர்தான் எழுந்து, கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு போனார்.

"இன்னும் ஒரு மணி நேரத்துல மூடிடுவான் அண்ணா."

"என்னடா பண்ணச் சொல்ற? புழிஞ்சா எடுக்க முடியும்?"

அண்ணி எழுந்து வந்தாள். காலையிலிருந்து அவள் எழுந்தது அப்போதுதான். கையில் தண்ணீரில் நனைத்த பஞ்சு.

"நீங்க தள்ளுங்க" என்றாள் அண்ணனிடம். "நீ பாட்டிலைப் பிடி."

சில்லென்ற பஞ்சைப் பாப்பாவின் அடிவயிற்றில் வைத்து மெதுவாக வட்டமாகத் தேய்த்தாள். பாப்பா முகத்தைச் சுளித்தாள்.

"அவனுக்கு நர்ஸம்மா இப்படித்தான் எடுப்பாங்க. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு தெனமும் பாத்தேனே. அவனுக்குச் சொட்டுச் சொட்டாத்தான் வரும்."

பாப்பாவுக்குப் பீய்ச்சிக்கொண்டு வந்தது. அண்ணியின் கை, சித்தப்பாவின் சட்டை எல்லாம் நனைந்து, பாட்டிலிலும் பாதிக்கு மேல் சேர்ந்தது. "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று பெரியம்மா துக்க வீடு என்பதை மறந்து கூவினாள். சித்தப்பா மூடியை இறுக்கினான். அண்ணி இன்னும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"போதும் அண்ணி."

"ம்" என்றாள். கையை எடுக்கவில்லை. அவன் கிளம்பும்போது நிமிராமலே சொன்னாள்: "ரிசல்ட் வந்தா எங்கிட்டதான் மொதல்ல சொல்லணும். உங்க அண்ணன் மறைச்சுடுவாரு."

அவன் போய்ச் சேர்ந்தபோது ஆய்வகத்தின் கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனான். கவுன்டரில் இருந்த பெண் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள். பாட்டிலையும் டாக்டர் சீட்டையும் பார்த்ததும் கழற்றி வைத்தாள்.

"ரெட்டையில ரெண்டாவதா? மொதல் கொழந்தையோடது எங்க?"

"அவனுக்கு ஏற்கெனவே எடுத்தாச்சுங்க."

"அப்ப சரி." பாட்டிலை வாங்கும்போது அவன் கையைப் பார்த்தாள். "மெக்கானிக்கா? நகமெல்லாம் கிரீஸு. அந்தப் பக்கம் குழா இருக்கு, சோப்பும் இருக்கு. கழுவிட்டுப் போங்க."

குழாயடிக்குப் போனான். விளக்கு வெளிச்சத்தில் விரல்களை விரித்துப் பார்த்தான். கிரீஸ் கறுப்பாக இருக்கும். நகக்கண்களில் இருந்தது சிவந்த மண்.

குழாயைத் திறக்காமலே வந்து வண்டியை எடுத்தான்.