சம்பந்தி வேகம்

டிரை கிளீனிங் கடை நடத்துகிற அவளுக்குச் சம்பந்தியாக வாய்த்த மாப்பிள்ளையின் அம்மா, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர். மகள் கல்யாணம் முடிந்த கையோடு, "காலையில பார்க்ல ஓடுவேன், நீங்களும் வாங்களேன்" என்று அவர் ஒரு மரியாதைக்குக் கூப்பிட்டார். இவளும் ஒரு மரியாதைக்குச் சரி என்றாள். போகப்போக அந்த ஓட்டம் இவளுக்கு உயிராகிவிட்டது. நீராவியிலும் அடுத்தவர் சட்டைக் காலரிலும் கழிகிற பிழைப்பில், தனக்கென்று அவள் செய்தது அது ஒன்றுதான்.

ஒரே குறை, டீச்சர் பறப்பார். வாசலில் ஒரு சிரிப்பு, முடிந்ததும் "நாளைக்குப் பார்க்கலாம்", அவ்வளவுதான் பேச்சு. நடுவில் மூச்சு விடவே நேரமில்லை. பெண்ணைக் கொடுத்த இடம். கொஞ்சம் மெதுவாகப் போகலாமா என்று வாயைத் திறந்து கேட்டுவிட முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள்.

அப்புறம் வலது இடுப்பு மக்கர் பண்ண ஆரம்பித்தது. படி ஏறினால் பக்கவாட்டில் சுருக்கென்றது. அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் உயிர் போனது. கணவரிடம் சொன்னாள்.

"இந்த வயசுல குதிரை மாதிரி ஓடினா எலும்பு தேயாம என்ன பண்ணும்?" என்றார் அவர், பேப்பரை மடிக்காமலே.

மனுஷர் வாயில் நல்ல வார்த்தை வராது என்பது தெரிந்த கதைதான். ஆனாலும் அது முள்ளாகத் தைத்துவிட்டது. நிஜமாகவே எலும்பு தேய்ந்திருந்தால்? இனி ஓடவே கூடாது என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்திலேயே டாக்டரிடம் போகாமல் இழுத்தடித்தாள். தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஓடினாள், கடையில் நொண்டினாள். ஒருநாள் கனமான கோட் ஒன்றை எட்டி மாட்டும்போது காலை ஊன்ற முடியாமல் கவுண்டரைப் பிடித்துத் தொங்கினாள். அப்போதுதான் புத்தி வந்தது.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றும் இல்லை என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார். அந்தப் பெண் இடுப்பை அழுத்திப் பார்த்தாள், ஒற்றைக் காலில் நிற்கவைத்தாள்.

"கடையில எப்படி நிப்பீங்க? நின்னு காட்டுங்க."

நின்றாள். உடம்பின் பாரம் மொத்தமும் வலது இடுப்பில் சாய்ந்திருந்தது. இடது கால் விருந்தாளி மாதிரி சும்மா நின்றது.

"பாருங்க, நாள் முழுக்க இந்தப் பக்கமே சுமக்குது. காலையில அதையே விரட்டுறீங்க. தசைநார் பாவம், எவ்வளவுதான் தாங்கும்?"

"அப்போ ஓட்டத்தை விட்டுடணுமா?"

"எதுக்கு விடணும்? கொஞ்சம் ஓடுங்க, கொஞ்சம் நடங்க. இடுப்புக்குப் பலம் வர பயிற்சி சொல்லித் தர்றேன், அதை விடாம செய்யுங்க. ஒருக்களிச்சுப் படுத்தா முட்டிக்கு நடுவுல தலகாணி வச்சுக்கங்க. கடையில ரெண்டு கால்லயும் நில்லுங்க. முக்கியமா, ஓடும்போது கூட வர்றவங்களோட பேச முடியணும். முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்."

அந்தப் பெண்ணை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. படி இறங்கும்போது வலித்தது. வலித்தால் வலிக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

மறுநாள் பார்க் வாசலில் டீச்சரைக் கண்டதும் சிரிப்பெல்லாம் போய் நாக்கு ஒட்டிக்கொண்டது. டாக்டரிடம் போனதே தேவலை என்றிருந்தது.

"சம்பந்தி, தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்கு இடுப்பு வலி. உங்க வேகத்துக்கு என்னால வர முடியலை. நீங்க முன்னாடி போங்க, நான் மெதுவா..."

டீச்சர் பக்கத்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். கோபமோ என்று நினைத்தாள் இவள். டீச்சர் குனிந்து, டிராக் பேன்ட்டின் காலை முழங்கால் வரை சுருட்டினார். கணுக்காலிலிருந்து மேலே, எலும்பை ஒட்டி, வலிக்கு ஒட்டுகிற நீல டேப் நீளமாக ஒட்டியிருந்தது.

"என் வேகமா? நல்லா சொன்னீங்க போங்க! நான் பாட்டுக்கு ஆமை மாதிரி ஓடிக்கிட்டிருந்தவ. மருமகளோட அம்மா முன்னாடி மூச்சு வாங்கக் கூடாதேன்னு கொஞ்சம் வேகம் எடுத்தேன். நீங்க விடாம பக்கத்துலயே வந்தீங்க. சரி, இவங்களுக்கு இது பத்தலை போலன்னு இன்னும் எடுத்தேன்."

"நான் எங்க கேட்டேன்?"

"கேக்கலைதான். நானும் கேக்கலை. ராத்திரியானா காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். உங்க பொண்ணுதான் ஐஸ் வச்சு விடுறா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்."

இருவருக்கும் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. டீச்சரும் அந்தப் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்ப்பது என்று அங்கேயே முடிவானது. அதுவரை ஓட்டம் வேண்டாம், நடை போதும் என்று கிளம்பினார்கள். இத்தனை மாதமாகச் சேர்ந்து கிடந்த பேச்சு மடை திறந்துகொண்டது. மகளின் குறட்டை, மாப்பிள்ளையின் சோம்பல், பேப்பரை மடிக்காத மனுஷர் என்று ஒருவரையும் பாக்கி வைக்கவில்லை. அவளுக்கு இடுப்பு இருப்பதே மறந்துபோயிற்று.

பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டது. இரண்டு பெரியவர்கள் முகமெல்லாம் வியர்த்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல் அவர்களைத் தாண்டி ஓடினார்கள். ஒருவர் லேசாக நொண்டினார்.

"பாவம்," என்றார் டீச்சர். "சம்பந்திங்களா இருக்கும்."